பள்ளத்தூருக்குப் போன குடமுழுக்கு

தொடங்கும் செயலுக்கெல்லாம் முன்னே வந்து அமரும் யானைமுகத்துப் பெருமானை வணங்குகிறேன். பொருள் தேடி வருவோர்க்குச் சொல்லையும், சொல்லில் சிக்கிக்கொண்டோர்க்கு மௌனத்தையும் தந்தருளும் சிவபெருமானின் திருவடியைத் தலைமேற்கொள்கிறேன். ஆவணித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமியும் சுவாதி நட்சத்திரமும் கூடிய வெள்ளிக்கிழமை காலை, இராகு காலம் புகுமுன் இதை எழுதத் தொடங்குகிறேன். இராகு காலத்தைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்போர்க்கு விடை பின்னே வரும்.

சென்ற வைகாசியில் எங்கள் பகுதிச் சிவன் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. காரைக்குடியின் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியார் அதை நேரலையாகக் காட்டினர். வர்ணனை சொல்ல என்னை அழைத்தனர். பதிகங்களை ஓதுவதும், கேட்பார் கிடைத்தால் அவற்றுக்குப் பொருள் சொல்வதும் என் வாழ்நாள் வழக்கம். கேட்பார் கிடைப்பதுதான் அரிது. அன்று ஓர் ஊரே கிடைத்தது. நகர்ந்து போகவும் முடியாத ஊர். எல்லோரும் கலசத்தைப் பார்த்தபடி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் குறைவின்றிப் பேசினேன்.

அந்தக் காட்சியை ஆவலோடு எதிர்பார்த்திருந்தவர் என் மனைவியின் அக்காள். பள்ளத்தூரில் இருக்கிறார். எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்பார்கள்; என் மனைவி அழைப்பதைப் போலவே நானும் அவரை அப்படியே அழைப்பேன். எனக்கு எழுபது கடந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் தம்பிதான். முந்திய குடமுழுக்கின்போது அவர் மகளின் பேறுகாலத்துக்காகச் சிங்கப்பூரில் இருந்தார். அந்தக் குறை அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஆகவே இம்முறை ஒரு நோன்பு பூண்டார். கோவிலில் காப்புக் கட்டிய நாள்முதல் சோறு உண்பதில்லை. கலசத்தில் நீர் விழுவதைத் தம் கண்ணால் கண்ட பிறகே சோற்றில் கைவைப்பது என்பது அவர் இறைவனிடம் சொன்ன சொல். இடையில் பாலும் பழமும். இட்லியும் அரிசிதானே என்று அவரே கேட்டுக்கொண்டு, அதையும் அவரே விலக்கினார்.

குடமுழுக்குக்கு முதல் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். கலசத்தில் நீர் விழுந்த வேளையில் அவர் அறுவை சிகிச்சை மேசையில் இருந்தார். கண் விழித்தவுடன் செவிலியர் எப்படி இருக்கிறது என்று கேட்க, இவர் குடமுழுக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டாராம்.

முடிந்தது முடிந்ததுதான். ஆனால் நோன்பு முடியவில்லை. பள்ளத்தூருக்குத் திரும்பிய பிறகும் பாலும் பழமுமே தொடர்ந்தன. பார்க்க வந்த மருத்துவர், இப்படியே போனால் முறிந்த எலும்பு ஒட்டாது, வாக்கரைப் பிடித்து நிற்கவும் உடம்பில் வலு இராது என்று கண்டித்தார். ஆச்சி அவரிடம் கைகூப்பி, நல்ல மருத்துவர் என்று பாராட்டி, இரண்டு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

ஆகவே குடமுழுக்கை அவர் கண்முன் கொண்டுவந்தாக வேண்டும். உறவினர் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினோம். அவற்றில் தெரிந்தவை பிறருடைய தலைகளும், அத்தலைகளுக்கு மேல் உயர்ந்த பிறருடைய கைபேசிகளுமே. எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்ற கேபிள் தொலைக்காட்சியின் காமிரா ஒன்றே கலசத்தை நேராகக் கண்டது. அவர்களிடம் கேட்டால், இடம் இல்லாமல் அழித்துவிட்டு அடுத்த ஊர்த் திருவிழாவை ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எஞ்சியது எங்கள் வீட்டுப் பிரதி மட்டுமே. அன்று என் மனைவி செட்டாப் பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்திருந்தாள். என் பேச்சைப் பேணிக் காக்கவே அப்படிச் செய்தாள் என்று மகிழ்ந்திருந்தேன்.

“நீங்க பேசப் பேச, வேற சேனல் மாத்தலாமான்னுதான் இருந்துச்சு. பதிவாகுதேன்னு விட்டுட்டேன்,” என்றாள்.

பென் டிரைவைப் பள்ளத்தூருக்கு எடுத்துச் சென்றோம். ஆச்சி வீட்டுத் தொலைக்காட்சி அதைக் கண்டுகொண்டது; உள்ளே இருந்ததைத் திறக்க மறுத்தது. இந்த வகைக் கோப்பு தனக்கு ஒத்துவராது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அடுத்த முறை செட்டாப் பாக்ஸையே துணியில் சுற்றி மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனோம். எங்கள் தெருக் கம்பியை விட்டுப் பிரிந்த அந்தப் பெட்டி, சிக்னல் இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சென்னையில் இருக்கும் மகனை அழைத்தேன். “அதை ஆன்லைன்ல கன்வர்ட் பண்ணிருங்க அப்பச்சி, சும்மா ஒரு கிளிக்குதான்,” என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குள் போய்விட்டான். அவனுடைய கூட்டங்கள் எங்கள் கோவில் கூட்டங்களைப்போல மாலைக்குள் முடிபவை அல்ல.

மகன் விட்டுச் சென்ற மடிக்கணினியில் பதிகங்களைத் தட்டச்சு செய்து பழகியவன் நான். தேடினேன். ஒரு வடிவத்தில் உள்ள காட்சியை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் தளங்கள் அளவின்றி இருந்தன. எல்லாமே இலவசம் என்றன. எல்லாமே, கோப்பு இவ்வளவு பெரிதாக இருந்தால் இலவசம் இல்லை என்றன. நல்லவேளையாகச் செட்டாப் பாக்ஸ் பதிவைத் தானாகவே பல துண்டுகளாக வெட்டி வைத்திருந்தது. எங்கள் வீட்டில் பெட்டியை மீண்டும் இணைத்து, கலசத்தில் நீர் விழும் துண்டு எது என்று என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள். அது ஒன்று போதும். அளவும் வரம்புக்குள் அடங்கியது.

கோப்பை இங்கே இழுத்துப் போடவும் என்றது தளம். போட்டேன். அது மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

“இப்ப சாமிய எந்த ஊருக்கு அனுப்புறீக?”

“ஊர் தெரியாது. எங்கேயோ வெளிநாடு. அங்கே போய் மாறி வரும்.”

“தனியாவா போகுது?”

எங்கள் முன்னோர் வணிகத்துக்காகக் கடல் கடந்தபோது சாமியையும் உடன் கொண்டுபோய் அங்கே கோவில் கட்டினார்கள். துணைக்கு ஒரு செட்டியாரும் இல்லாமல் சாமி மட்டும் கடல் கடப்பது எங்கள் குலத்தில் இதுவே முதல் முறையாக இருக்கக்கூடும். மாற்றி முடித்தபின் கோப்பைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளத்தின் அடியில் எழுதியிருந்தது. வைத்துக்கொள்ள ஆசைப்படாத அந்தப் பற்றின்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஏற்றம் பாதியைத் தாண்டியபோது ஒரு பெருங்குழப்பம் வந்தது. இன்னும் சிறிது நேரத்தில் இராகு காலம். தொடங்கியது நல்ல நேரத்தில். முடியப்போவது இராகு காலத்தில். தொடக்கத்தை வைத்து முடிவு செய்வதா, முடிவை வைத்தா? திருமணத்தில் முகூர்த்தத்தைக் கணக்கிடும் நாம் பந்தி முடியும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்போதுதான் தளம் அடுத்த கேள்வியைக் கேட்டது: எந்த வடிவத்தில் வேண்டும்? இது புதிய செயல். இதை இராகு காலத்துக்குமுன் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. பலவும் வாயில் நுழையாத எழுத்துக் கூட்டங்கள். கேள்விப்பட்டவையாக இரண்டே இருந்தன: எம்.பி. த்ரீ, எம்.பி. ஃபோர். மகனை அழைத்தேன்; எடுக்கவில்லை. நானே எண்ணிப் பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு அனுப்புகிறோம். நான்கு என்றால் நாலு பேர் நினைவுதான் வரும். அந்த நாலு பேர் எதைத் தூக்குவார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அதுவும் இரட்டைப்படை. மொய் எழுதும்போதுகூட ஒன்று கூட்டி ஒற்றைப்படையாக்குகிறோம். மூன்றோ முக்கண்ணனுக்கு உரியது. திருநீற்றின் கோடும் மூன்று. சூலத்தின் இலையும் மூன்று.

“மூணு பேராப் போனா காரியம் நடக்காதும்பாக,” என்றாள் என் மனைவி.

“போவது நாம் இருவர்தானே,” என்று சொல்லி மூன்றை அழுத்தினேன்.

மாற்றம் வியப்பூட்டும் விரைவில் முடிந்தது. அதன்பின் ஒரு சோதனை. ‘பதிவிறக்கு’ என்று பச்சை நிறத்தில் பல பொத்தான்கள் மின்னின. ஒன்றை அழுத்தினால் எனக்குக் கைபேசி பரிசு விழுந்திருப்பதாக வாழ்த்து வந்தது. இன்னொன்று என் கணினிக்கு நோய் என்று அலறியது. மாயையைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பேசியிருக்கிறேன். அது இவ்வளவு பசுமையாக இருக்கும் என்று சொன்னதில்லை. மின்னாமல், ஓர் ஓரமாக, சின்ன எழுத்தில் இருந்ததே மெய்யான பொத்தான் என்று இறுதியில் தெளிந்தேன்.

வந்து சேர்ந்த கோப்பைக் கண்டு என் மனைவி நெற்றியைச் சுருக்கினாள். “அம்புட்டுப் பெருசாப் போனது இத்தனூண்டா வந்துருக்கே. என்னத்த அங்குட்டு விட்டுட்டு வந்துச்சு?”

தூலம் கழிந்து சூக்குமம் நிற்கிறது என்று விளக்கினேன். திறந்து பார்த்துவிடலாம் என்றாள். நான் உறுதியாக மறுத்தேன். இது ஆச்சியின் நோன்புக்குரிய காட்சி. படைக்கப்போகும் பொங்கலை அடுப்படியில் ருசி பார்ப்போமா? முதலில் காண வேண்டியவர் அவர். நைவேத்தியத்தை மூடி எடுத்துச் செல்வதைப்போல அந்தப் பென் டிரைவை மூடியிட்டு, திருநீற்றுப் பையில் வைத்துப் பள்ளத்தூருக்குக் கொண்டுபோனேன்.

ஆச்சி தலை வாரி, பட்டு உடுத்தி, கட்டிலைத் தொலைக்காட்சிக்கு நேராகத் திருப்பச் சொல்லி, தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். உடம்பு மெலிந்து வளையல்கள் முழங்கைவரை ஓடின. என் மனைவி நேரே அடுக்களைக்குப் போய்க் குக்கரில் அரிசியை வைத்துவிட்டு வந்தாள். நான் தொலைக்காட்சியில் செருகினேன். கோப்பு திறந்தது. மறுப்பில்லை. எனக்குக் கண் கலங்கியது.

திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஓர் இசைக்குறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னிருந்து என் குரல் புறப்பட்டது.

படம் வரும் என்று காத்திருந்தோம். குரல்தான் வந்தது. ஒரு பாடலில் வரும் ஒரு சொல்லுக்கு நான் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னணியில் நாதசுரம் உச்சத்துக்குப் போயிற்று, தவில் இடித்தது, கருடன் வந்துவிட்டது என்று யாரோ கூவ, கூட்டம் முழங்கிற்று. அத்தனைக்கும் நடுவே என் குரல் சற்றும் அசையாமல், அச்சொல்லுக்கு வேறு ஒரு பொருளும் உண்டு என்றது. பிறகு, இன்னும் நுட்பமாக நோக்கினால் மூன்றாவதாக ஒன்றும் கொள்ளலாம் என்றது. முழக்கம் மெல்ல அடங்கியது.

ஆச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தண்ணி விழுந்துருச்சா தம்பி?”

“விழுந்துவிட்டது ஆச்சி.”

“எப்ப?”

“இரண்டாம் பொருளுக்கும் மூன்றாம் பொருளுக்கும் நடுவில்.”

“அதச் சொல்லலையே நீங்க.”

சொல்லவில்லைதான். ஊரே கண்ணால் காண்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா என்று அன்று நினைத்திருந்தேன். காண முடியாத ஒருவரும் கேட்பார் என்பது என் நினைவில் எழவில்லை.

என் மனைவி பேச்சை மாற்றி, அதான் கேட்டாச்சே, இப்போது சாப்பிடலாமே என்றாள். நானும் என்னிடம் இருந்த கல்வியை எல்லாம் திரட்டி, காண்பதைவிடக் கேட்பதே மேலானது, அடியார் பலர் கேட்டே கரையேறினார்கள் என்று எடுத்துரைத்தேன். ஆச்சி முழுவதையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “நான் கண்ணால பாக்குறேன்னுதானே சாமிகிட்டச் சொன்னேன். காதால கேக்குறேன்னு சொல்லலையே. அவரு மாத்திச் சொல்லாதப்ப நான் மாத்துறதா?”

குக்கர் விசில் அடித்தது. அந்தச் சோற்றை நாங்கள் இருவரும், ஆச்சியைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவும் உண்டோம். அவர் ஒரு மாம்பழத்தை நறுக்கிச் சாப்பிட்டபடி, குழம்பு எப்படி இருக்கிறது என்று எங்களை விசாரித்தார். அன்று அவர் எழுந்து நிற்க முயன்று, முடியாமல் மீண்டும் கட்டிலில் அமர்ந்துவிட்டார். திரும்பும் பேருந்தில் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வருவது எனக்கு எந்தப் பேச்சைக் காட்டிலும் கடினம்.

அன்று மாலை மகன் அழைத்தான். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தான். மூன்று என்பது ஒலிக்கு மட்டும், நான்குதான் படத்துக்கு என்றான். நான்கு திசை, நான்கு கோபுரம், அம்பிகைக்கு நான்கு கரம் என்று எண்ணிப் பார்த்து, நான்கிலும் குறையில்லை என்ற முடிவுக்கு வந்தேன். “நாலு பேர விட்டுட்டீகளா?” என்றாள் என் மனைவி. பேச்சு திரும்பியதில் எனக்கு ஆறுதல்.

மறுநாள் காலை சாமி மீண்டும் கடல் கடந்தார். இம்முறை வழி தெரிந்தவர்; பச்சைப் பொத்தான்கள் எவையும் என்னை மயக்கவில்லை. வந்த கோப்பு தக்க பருமனோடு இருந்தது. இதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று என் மனைவி நின்றுவிட்டாள். நைவேத்தியம் என்று நான் தொடங்கினேன்.

“பொங்கல்ல உப்புப் போட்டோமான்னு தெரியாமப் படைச்சுத்தான் நேத்து அந்த லட்சணம்,” என்றாள்.

உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. நான் கண்ணை மூடிக்கொள்வது. அவள் மட்டும் ஒரு கணம் பார்ப்பது. நீர் விழும் இடத்துக்கு ஓட்டாமல், தொடக்கத்தை மட்டும் பார்ப்பது. என் பேச்சு காதில் விழுந்தால் காட்சியை முன்கூட்டிச் சுவைத்ததாகிவிடும் என்பதால் ஒலியை அடைத்துவிடுவது. பார்த்தாள். “கோபுரம் தெரியுது,” என்றாள். மூடிவிட்டோம்.

பள்ளத்தூரில் மீண்டும் அதே பட்டு, அதே தலையணை. என் மனைவி மீண்டும் குக்கரில் அரிசி வைத்தாள். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டை ஆச்சிக்கு விளக்கிக்கொண்டே நான் செருகி, திரையில் கோபுரம் விரிந்ததும் பெருமூச்சு விட்டேன். அடுத்த கணமே ஒரு சிறு பெட்டி தோன்றி, இதிலுள்ள ஒலி தனக்கு ஒத்துவராது என்று அறிவித்துவிட்டு மறைந்தது. ஒலியைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட ஒன்றும் வரவில்லை. மூன்றில் உருவம் போயிற்று; நான்கில் குரல் போயிற்று. திரையின் மூலையில் சிறு கட்டத்துக்குள் நான் வாயசைத்துக்கொண்டிருந்தேன். விரலை மடக்கி முதற்பொருள், இரண்டாம் பொருள் என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன். இதையும் கெடுத்துவிட்டேன், நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

“கைய எடுங்க தம்பி,” என்றார் ஆச்சி.

குருக்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடங்களைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏறினார்கள். வெயிலில் கலசம் பொன்னாய் எரிந்தது. வானத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டது. கீழே அத்தனை ஆயிரம் வாய்கள் திறந்திருந்தன. ஓசை ஒன்றும் இல்லை. குடம் சாய்ந்தது. நீர் கலசத்தின் முடியில் விழுந்து, நாற்புறமும் வழிந்து, விமானத்துச் சுதைத் தேவர்கள் தோள்மேல் இறங்கியது. அறையில் மின்விசிறி ஓடும் ஓசை மட்டும் கேட்டது. அன்று அந்த இடத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நீர் அப்படி விழுந்ததை அன்றுதான், பள்ளத்தூரில்தான், நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆச்சியின் கைகள் தலைக்குமேல் குவிந்திருந்தன. வளையல்கள் கீழே சரிந்து ஒன்றோடொன்று மோதின. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னைக்கு எல்லாமே நல்லாப் புரிஞ்சுச்சு தம்பி,” என்றார். அதில் சிறிதும் கேலி இல்லை. அதனால்தான் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓட வேண்டியதாயிற்று.

சோறும், பருப்பும், உருக்கிய நெய்யும் வந்தன. முதல் பிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். நெய் போதாது என்று என் மனைவியைக் கடிந்துகொண்டார். அந்தக் கடிதலைக் கேட்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

உண்ட பின் கட்டிலில் சாய்ந்தபடி, “தம்பி, அன்னைக்குக் கொண்டாந்தீகளே அந்த மூணு, அது இருக்கா?” என்று கேட்டார். என் உள்ளம் மலர்ந்தது. பொருள் வேண்டுகிறார் என்று எண்ணி, பென் டிரைவில் அது இருப்பதாகச் சொன்னேன்.

“அதப் போட்டு விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து கண்ணே மூடலை. அன்னைக்கு நீங்க பேசப் பேச, தண்ணி எப்ப விழுந்துச்சுன்னு கேக்கணுமேன்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு முழிச்சிருந்தேன்.”

போட்டேன். நாதசுரம், தவில், கருடன், எல்லாவற்றுக்கும் மேலாக என் குரல். இரண்டாம் பொருள் வருவதற்குள் ஆச்சி உறங்கிவிட்டார். பார்த்துக்கொள்ளும் அம்மாவும் சுவரில் சாய்ந்து உறங்கிப்போனார்.

இப்போது ஆச்சி வாக்கரை ஊன்றிக் கூடம்வரை நடக்கிறார். நாள்தோறும் காலையில் நான்கு, மதியம் உணவுக்குப் பின் மூன்று என்று ஏற்பாடு. மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடுகிறது, உணவும் உறக்கமும் ஒழுங்காக இருப்பதே காரணம் என்றாராம். அவ்விரண்டில் ஒன்று என் தொண்டு என்பதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. என் மனைவிதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறாள். அடுத்த மாதம் இளையாத்தங்குடிக் கோவிலில் ஒரு சொற்பொழிவுக்கு அழைத்திருக்கிறார்கள். ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தலையணை எடுத்து வரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இதைப் படித்தவர், படிக்கக் கேட்டவர், பாதியில் கண்ணயர்ந்தவர் அனைவர்க்கும் இலையில் சோறும், இரவில் உறக்கமும், காண விரும்பியதைக் கண்ணாரக் காணும் பேறும் குறைவின்றிக் கிட்டுக. உங்கள் கோப்புகள் யாவும் உருவும் ஒலியும் ஒன்றுகூடித் திறக்க, முக்கண் முதல்வனும் நாற்கரத்து அம்பிகையும் உடனிருந்து அருள்க.